குதிரையேறிப் பாடிய கௌபாய்களின் படங்கள் இன்றும் மனத்தை இழுப்பது ஏன்?

கொழிஞ்சாம்பாறைத் தோப்புக்காரர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தென்னந்தோப்பும் இரண்டு ஏக்கர் நெல்வயலும் வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. என் தந்தைக்கு இப்போது 82 வயது. சிறுவயதில் கோயம்புத்தூரில் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்தபோது, ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிகளில் ஆங்கிலக் 'குதிரைப் படங்கள்' சிலவற்றைப் பார்த்ததாக அவர் அடிக்கடி சொல்லுவார். சென்ற ஆண்டு என் மகள் தொலைக்காட்சிக்கு இணைய இணைப்புக் கொடுத்து, தாத்தா சொன்ன அடையாளங்களை வைத்துத் தேடிப் பார்த்ததில், அவை ஜீன் ஆட்ரியும் ராய் ராஜர்ஸும் நடித்த பாடும் கௌபாய் படங்கள் என்று தெரிந்தது. அன்று முதல், தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து கைகால் கழுவியதும் ஒரு படம் பார்க்காமல் அவர் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவதில்லை.

அவர் பார்க்கும் விதம்தான் என்னை இந்தக் கேள்வியை எழுத வைத்தது. துப்பாக்கிச் சண்டையோ குதிரைத் துரத்தலோ தொடங்கினால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, மாட்டுக்கு ஒரு கை வைக்கோல் போட்டுவிட்டு நிதானமாகத் திரும்பி வருவார். கதாநாயகன் கிட்டாரைக் கையில் எடுத்துவிட்டாலோ, வீட்டில் ஒருவரும் பேசக் கூடாது. ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. பாட்டின் ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் பாட்டு முடியும்வரை விரல் மட்டும் நாற்காலியின் கையில் தட்டிக்கொண்டிருக்க, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வகைப் படங்களின் காலம் மிகவும் குறுகியது என்று படித்தேன். 1935 இல் ஆட்ரி கதாநாயகனாக நடித்த 'டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்' வெளிவந்தது. 1936 இல் டெக்ஸ் ரிட்டரும் 1938 இல் ராஜர்ஸும் கதாநாயகர்களாக வந்தார்கள். 1954 இல் ரெக்ஸ் ஆலன் நடித்த படத்தோடு அந்த வரிசை முடிந்துவிட்டது. பெரும்பாலானவை ஒரு மணி நேரத்தை ஒட்டிய படங்கள். மிகக் குறைந்த செலவில், ஒன்றிரண்டு வாரங்களில் எடுத்து முடித்தவை. கதையும் ஏறக்குறைய ஒன்றேதான்: பண்ணையை அபகரிக்க ஒருவன் சூழ்ச்சி செய்வான், பாடும் நாயகன் வந்து காப்பாற்றுவான். இதே தந்தையிடம் நம்முடைய கௌபாய் படங்களையும் போட்டுக் காட்டினேன். ஜெய்சங்கர் நடித்த 'கங்கா'வைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். சண்டையும் வேகமும் அதில்தான் கூடுதல் என்று எனக்குத் தோன்றியது. அப்படியிருக்க, மொழி புரியாத, கதை மெலிந்த அந்தப் பழைய படங்களில் எதுதான் இவரைப் பிடித்து வைத்திருக்கிறது? வயதான காலத்து நினைவேக்கம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பத்து நாள் கூட இருந்து பார்த்ததில் எனக்கும் அந்தப் பாட்டுகள் பிடித்துப்போய்விட்டன.

மீனாட்சிபுரம் சந்தைவழி எழுதியது:

ஐயா, தங்கள் தந்தையார் பாட்டுக்கு உட்கார்ந்து சண்டைக்கு எழுந்து போகிறார் என்பதைப் படித்ததும் என் தாத்தாவின் நினைவு வந்துவிட்டது. அவர் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் மாடு பிடித்து, கால்நடையாகவே மேற்கே ஓட்டிச் சென்று வாணியங்குளம் சந்தையில் சேர்க்கும் ஆட்களில் ஒருவர். எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிடும் வழக்கம் வருவதற்கு முந்தைய காலம் அது. தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடித்ததும், தூரத்துக்குப் போகிற மாடுகளுக்குச் சந்தையிலேயே லாடம் கட்டி, கழுத்துக் கயிற்றை மாற்றி, வெயில் தாழ்ந்த பிறகு கிளப்புவார்கள். வெவ்வேறு பட்டிகளிலிருந்து வந்த மாடுகள் ஒன்றுக்கொன்று பழக்கமில்லாதவை. முதல் இரவுதான் மிகவும் கடினமானது என்று தாத்தா சொல்லுவார்.

ஆறாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் ஒரு முறை அவரோடு நானும் நடந்தேன். புதுநகரத்துக்கு அப்பால் ஓர் ஆலமரத்தடியில் மாடுகளைப் படுக்க வைத்திருந்தார்கள். நடு இரவில் விழித்துப் பார்த்தபோது, தாத்தா கையில் கம்பும் இல்லாமல் விளக்கும் இல்லாமல் மாடுகளைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி, சொற்களே இல்லாத ஒரு தெம்மாங்கைத் தாழ்ந்த குரலில் இழுத்துக்கொண்டிருந்தார். தூக்கம் வராமல் பாடுகிறாரோ என்று நினைத்துக் கேட்டேன். "நா எந்தப் பக்கம் இருக்கறேன்னு மாட்டுக்குத் தெரியோணும் கண்ணு. சத்தமில்லாம எதிர்ல போய் நின்னா மெரண்டு எந்திரிச்சிரும்" என்றார். ஒரு மாடு மிரண்டு எழுந்தால் நாற்பதும் எழும், இருட்டில் எது எந்தக் கிணற்றில் விழும் என்று சொல்ல முடியாது.

பல ஆண்டுகள் கழித்து, டெக்சாஸ் மாட்டுக்காரர்களைப் பற்றிப் படித்தபோது நான் வியந்துபோனேன். அங்கே 1860களின் இறுதியிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள், ஆயிரக்கணக்கான மாடுகளைக் கொண்ட மந்தைகளை டெக்சாஸிலிருந்து கான்சாஸ் மாநிலத்து ரயில் நிலையங்களுக்கு மாதக்கணக்கில் ஓட்டிச் சென்றார்கள். இரவுக் காவலில் இரண்டு பேர் குதிரையேறி, மந்தையை எதிரெதிர்த் திசையில் மெதுவாகச் சுற்றி வருவார்கள். சுற்றும்போது பாடிக்கொண்டே இருக்க வேண்டும். இடி இடித்தாலோ ஒரு பாத்திரம் விழுந்தாலோ மந்தை கலைந்து ஓடும் என்பதால், பழகிய மனிதக் குரல் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பதே மாடுகளுக்குத் தைரியம். தாத்தா சொன்ன காரணத்துக்கும் அவர்கள் சொன்ன காரணத்துக்கும் ஓர் எழுத்துக் கூட வேறுபாடு இல்லை. அந்தப் பாட்டுகளை ஜான் லோமாக்ஸ் என்பவர் தேடித் திரட்டி 1910 இல் புத்தகமாக வெளியிட்டார். முள்வேலியும் ரயில்பாதையும் வந்து நெடும்பயணங்கள் நின்று வெகுகாலம் ஆன பிறகுதான் பேசும் படம் வந்தது.

ஆகவே பாடும் கௌபாய் என்பது திரைப்படக்காரர்கள் முழுவதும் கற்பனையாகச் சமைத்த உருவம் அன்று என்பது என் உறுதியான எண்ணம். பட்டுச் சட்டையும் பூவேலை செய்த காலணியும் அவர்கள் சேர்த்தவை. பாட்டு அந்தத் தொழிலுக்குள்ளேயே இருந்தது. படகோட்டிக்கும் ஏற்றம் இறைப்பவனுக்கும் பாட்டு இருப்பதைப் போல மாட்டுக்காரனுக்கும் பாட்டு இருந்தது. தங்கள் தந்தையார் விவசாயி. பாடிக்கொண்டு வேலை செய்கிற ஒரு மனிதனைத் திரையில் பார்க்கும்போது, அது செயற்கையாக அவருக்குத் தோன்றாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆட்ரியின் பின்னணியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1907 இல் டெக்சாஸில் பிறந்த அவர், ஓக்லஹோமாவில் ரயில்வே தந்தி ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே பாடியவர். சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். வானொலியில்தான் அவருக்குப் பெயர் கிடைத்தது. அந்த நிலையம் 1928 முதல் 'பிரெய்ரி ஃபார்மர்' என்ற விவசாயப் பத்திரிகைக்குச் சொந்தமாக இருந்தது. நம் ஊரில் விவசாய நிகழ்ச்சியின் விலை நிலவரத்தைக் கேட்டுவிட்டு அப்படியே நாட்டுப்புறப் பாட்டையும் கேட்டவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களைப் போன்றவர்கள்தான் அவருடைய முதல் ரசிகர்கள். வாரம் முழுவதும் வீட்டில் குரலைக் கேட்டவர்கள், சனிக்கிழமை பக்கத்துச் சிற்றூர்த் திரையரங்குக்குப் போய் அதே குரலுக்குரிய முகத்தைப் பார்த்தார்கள். பெருநகரத் திரையரங்குகள் இந்தப் படங்களைப் பெரிதாக மதிக்கவில்லை. சிற்றூர்கள்தாம் வாழ வைத்தன.

வாளையாறு ரயிலடி எழுதியது:

தோப்புக்கார அண்ணாவுக்கு ஒரு சிறு குறிப்பு. இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகள் முழுமையானவை அல்ல. 1950களில் இவற்றைத் தொலைக்காட்சிக்கு விற்றபோது, ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரத்துக்கு இடம் விடுவதற்காக ஏறக்குறைய 54 நிமிடங்களாக வெட்டினார்கள். அவ்வாறு வெட்டும்போது பெரும்பாலும் பாட்டுகளே போயின. ராஜர்ஸின் பல படங்களுக்குக் காப்புரிமை புதுப்பிக்கப்படாததால் அவை எங்கும் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் அவற்றில் இந்த வெட்டுப் பிரதிகளே மிகுதி. தந்தையார் பாட்டுக்காகப் பார்ப்பவர் என்பதால், ஓடும் நேரத்தைப் பார்த்து நீளமான பிரதியைத் தேடிக் கொடுங்கள். ஆட்ரியின் 'மெலடி ராஞ்ச்' (1940), ராஜர்ஸின் 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' (1938) ஆகிய இரண்டும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்க வேண்டிய படங்களாகச் சேர்க்கப்பட்டிருப்பவை. அவற்றிலிருந்து தொடங்கலாம்.

சித்தூர் இசை ஆசிரியை எழுதியது:

நான் பாலக்காட்டுச் சித்தூரில் முப்பது ஆண்டுகள் குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள். சொல் புரியாமலேயே பாட்டு உள்ளே போகிறது என்று தோப்புக்காரர் எழுதியிருப்பதால், இசையின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தாளம். குதிரை மெதுவாக நடக்கும்போது நான்கு குளம்புகளும் தனித்தனியாக விழுகின்றன. காது கொடுத்துக் கேட்டால் தகதிமி, தகதிமி என்று சதுச்ரமாகவே ஒலிக்கும். சற்று வேகமெடுத்துத் துள்ளோட்டமாகப் போகும்போது மூன்று அடியாகி, தகிட, தகிட என்று திச்ரமாக மாறிவிடும். இந்தப் படங்களில் நாயகன் குதிரையை நடக்க விட்டுப் பாடும் பாட்டையும், நெருப்பைச் சுற்றி அமர்ந்து பாடும் மூன்றடித் தாளப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அந்த நடை உடம்புக்குத் தெரிந்த நடை. மாட்டு வண்டியில் போனவர்களுக்கும் அது தெரியும். தந்தையாரின் விரல் நாற்காலியில் தட்டுவது எந்த நடையில் என்று ஒரு நாள் கவனித்து எழுதுங்கள். எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது.

இரண்டாவது, குரல். ஆட்ரியின் குரலில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அவர் எதிரே அமர்ந்து பேசுபவரைப் போலப் பாடுகிறார், மூச்சை வலிந்து இழுக்காமல், சொல்லை விழுங்காமல். தொடக்கத்தில் ஜிம்மி ராஜர்ஸ் என்ற ரயில்வேத் தொழிலாளிப் பாடகரை அப்படியே பின்பற்றிப் பாடியவர் அவர்; நெஞ்சுக் குரலிலிருந்து சட்டென்று கள்ளக் குரலுக்குத் தாவி மீண்டும் இறங்கும் 'யோடல்' முறையை அவரிடமிருந்துதான் எடுத்தார். நம் மேடைப் பாட்டில் கள்ளக் குரலைக் குறையாகக் கருதுவோம். ஆனால் மலையடிவாரத்தில் ஒருவர் இன்னொருவரைத் தொலைவிலிருந்து கூவி அழைக்கும்போது குரல் தானாகவே அப்படித்தான் உடைந்து மேலே போகிறது. கொல்லங்கோட்டுப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் மாலையில் கூப்பிடுவதைக் கேட்டவர்களுக்கு யோடல் அந்நியமாகத் தோன்றாது.

மூன்றாவதாக, எனக்கு மிகவும் நெருக்கமானது, 'சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்' என்ற குழு. ராய் ராஜர்ஸ் என்று பிறகு பெயர் பெற்ற லெனார்ட் ஸ்லை, பாப் நோலன், டிம் ஸ்பென்சர் ஆகிய மூவரும் சேர்ந்து தொடங்கியது அது. ஒஹாயோவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பிழைப்புத் தேடி வந்த ராஜர்ஸ், அங்கே லாரி ஓட்டியும் பழத்தோட்டத்தில் பீச் பறித்தும் வாழ்ந்தவர். மூவரும் சேர்ந்து பாடும்போது, ஒருவர் ஷட்ஜத்தில் நிற்க மற்றொருவர் காந்தாரத்திலும் இன்னொருவர் பஞ்சமத்திலும் நின்று, மூன்றும் ஒன்றாகவே அசைந்து போகும். நமது இசையில் இந்த வழக்கம் இல்லை. முதலில் கேட்டபோது யாரோ சுருதி விலகிப் பாடுகிறார்கள் என்றே நினைத்தேன். நான்கைந்து முறை கேட்ட பிறகுதான், அந்த மூன்று குரல்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு பெரிய வெட்டவெளியைக் காட்டுகிறது என்பது பிடிபட்டது. நோலன் இயற்றிய பாட்டுகளில் மிகப் பெயர் பெற்ற இரண்டில், ஒன்று காற்றில் வேரற்று உருண்டு போகும் காய்ந்த செடியைப் பற்றியது. மற்றொன்று பாலைவனத்தில் கானல் நீரைக் கண்டு ஏமாறும் ஒரு மனிதனையும் அவனுடைய கோவேறு கழுதையையும் பற்றியது. முதல் பாட்டை எழுதியபோது அவர் லாஸ் ஏஞ்சலஸில் கோல்ஃப் ஆடுபவர்களுக்குப் பை சுமக்கும் வேலையில் இருந்தார். ஆடி மாதத்தில் கணவாய்க் காற்று பனை மட்டைகளை அடித்துக்கொண்டு வரும்போது அந்த முதல் பாட்டைக் கேட்டால், அதன் மொழி எனக்கு ஒரு தடையாகவே தெரிவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாடும் கௌபாய் தன் சொந்தக் குரலில் பாடினான் என்பது அந்த ரசிகர்களுக்கு மிகவும் முக்கியமாக இருந்தது. ஆட்ரிக்கு முன்பே, 1933 இல், ஜான் வெய்னைப் பாடும் கௌபாயாக நடிக்க வைத்தார்கள், குரல் வேறொருவருடையது. பொது நிகழ்ச்சிகளில் மக்கள் அவரைப் பாடச் சொல்லிக் கேட்டபோது அவருக்குப் பெருத்த சங்கடமாகிவிட்டது, அந்த வேடத்தை விட்டுவிட்டார். நம் திரையுலகிலும் முதலில் நடிப்பவர்களே சொந்தக் குரலில் பாடினார்கள். 1944 இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் குதிரை மேல் அமர்ந்து வீதியில் பாடிக்கொண்டு வரும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டுகளில்தான் ராஜர்ஸும் குதிரை மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார். பின்னால் நாம் பின்னணிக் குரலை மனமார ஏற்றுக்கொண்டோம், அதிலும் பெரிய கலை பிறந்தது. எனினும், பாடுகிறவனும் குதிரையேறுகிறவனும் ஒருவனே என்ற நிறைவை, பாகவதர் காலத்துக்குப் பிறகு தந்தையார் இந்த வெள்ளைக்காரப் படங்களில்தான் மறுபடி கண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

கொல்லங்கோடு நூலக வாசகர் எழுதியது:

மேலே எழுதியவர்கள் சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் ஒரு மாறுபாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் படங்களின் இனிமை, யாரை வெளியே நிறுத்திவிட்டு உண்டானது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். அந்தப் புல்வெளிகளின் பூர்வகுடிகள் இவற்றில் ஒன்று எதிரிகளாக வருகிறார்கள், அல்லது வருவதே இல்லை. உண்மையான மாட்டுக்காரர்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். ஆட்ரி, ராஜர்ஸ் படங்களைப் பார்த்து அதை ஒருவரும் ஊகித்துவிட முடியாது.

அந்தக் குறையை அந்தக் காலத்திலேயே உணர்ந்து செயல்பட்டவர் ஹெர்ப் ஜெஃப்ரீஸ். கறுப்பினச் சிறுவர்களுக்கும் தங்களைப் போன்ற ஒரு கௌபாய் வேண்டும் என்று எண்ணி, முழுவதும் கறுப்பின நடிகர்களைக் கொண்ட படங்களுக்கு வழி தேடினார். 1937 இல் 'ஹார்லெம் ஆன் தி ப்ரெய்ரி' வந்தது. 1939க்குள் மேலும் மூன்று படங்கள் வந்தன. கலிபோர்னியாவில் ஒரு கறுப்பினத் தம்பதியர் நடத்திய பண்ணையில் அவை படமாக்கப்பட்டன. தென் மாநிலங்களில் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த திரையரங்குகளில் அவருடைய ரசிகர்கள் அவற்றைப் பார்த்தார்கள். பிறகு அவர் டியூக் எலிங்டனின் இசைக்குழுவில் பாடிப் புகழ் பெற்றார். அவருடைய குரல் ஆட்ரியின் குரலைவிடப் பல மடங்கு செழுமையானது என்பது என் கருத்து. இசை ஆசிரியை அம்மா கேட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். தந்தையாரின் பட்டியலில் அவரையும் சேர்த்துவிடுங்கள்.

'கங்கா' ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஊற்றே வேறு. நம் தென்னகக் கௌபாய் படங்கள் 1971 இல் கிருஷ்ணா நடித்த தெலுங்குப் படமான 'மோசகாள்ளக்கு மோசகாடு'விலிருந்து தொடங்குகின்றன. அதற்கு முன்மாதிரி 1960களில் இத்தாலியர்கள் எடுத்த கௌபாய் படங்கள். அந்த நாயகன் பேசாதவன், சிரிக்காதவன், பழி வாங்க வந்தவன். அடுத்த ஆண்டு இயக்குநர் கர்ணன் தமிழில் எடுத்தவையும் அந்த வழியில் வந்தவையே. அவற்றிலும் பாட்டுகள் உண்டு என்றாலும், பாடுவதால் நாயகனுடைய வேலை எதுவும் நடப்பதில்லை. ஆட்ரியின் படத்திலோ பாட்டினால்தான் காரியம் நடக்கும்: சினந்து நிற்கும் கூட்டம் அமைதியாகும், தேர்தலில் வாக்கு விழும், பண்ணை காப்பாற்றப்படும். 1935 இல் வந்த 'தி ஃபான்டம் எம்பயர்' என்ற பன்னிரண்டு பகுதித் தொடரில், பூமிக்கு அடியில் உள்ள ஓர் இராச்சியத்திலிருந்து தப்பி வந்தாவது நாள்தோறும் குறித்த நேரத்தில் வானொலியில் பாடியாக வேண்டும், இல்லாவிட்டால் பண்ணை கைவிட்டுப் போய்விடும் என்பதே ஆட்ரிக்குள்ள இக்கட்டு. கதை எவ்வளவு விந்தையானதாக இருந்தாலும், பாட்டுத்தான் அந்த மனிதனுடைய பிழைப்பு என்பதில் அது உறுதியாக நிற்கிறது.

நான் மிகவும் மதிப்பது வேறொன்று. இவை பழங்காலக் கதைகள் என்று பலர் நினைக்கிறார்கள். உற்றுப் பாருங்கள்: குதிரைக்குப் பக்கத்திலேயே மோட்டார் காரும் தொலைபேசியும் வானொலியும் இருக்கும். அவை எடுக்கப்பட்ட 1930களின் அமெரிக்கக் கிராமத்தையே அவை காட்டின. பொருளாதாரப் பெருவீழ்ச்சியும் வறட்சியும் புழுதிப் புயலும் சேர்ந்து சிறு விவசாயிகளை ஊரை விட்டே துரத்திய காலம் அது. அதனால்தான் வில்லன்கள் பெரும்பாலும் வங்கிக்காரர்களாகவும், நிலத் தரகர்களாகவும், தண்ணீரை மறித்து வைத்த கம்பெனிக்காரர்களாகவும் இருக்கிறார்கள். வாளையாற்று நண்பர் குறிப்பிட்ட 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' முழுக்க முழுக்கத் தண்ணீரைப் பற்றியது. ஆட்ரி சம்பளத் தகராறில் ரிபப்ளிக் என்ற படத்தயாரிப்பு நிறுவனத்தை விட்டு விலகி நின்ற நேரத்தில் ராஜர்ஸுக்குக் கிடைத்த முதல் கதாநாயக வேடம் அது. வறட்சியில் காய்ந்த ஊரின் சார்பில் அவர் தேர்தலில் நின்று வாஷிங்டனுக்குப் போகிறார். அங்கே நல்ல உடை உடுத்திய விருந்தினர்களுக்கு முன், புழுதி மூடிய வயல்களின் படத்தைத் திரையில் ஓட விட்டு, புழுதியைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடுகிறார். அந்தப் பாட்டு ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பின்னால், 1940களின் நடுவில், ராஜர்ஸின் படங்களில் மேடை அலங்காரமும் குழு நடனமும் பெருகிவிட்டன. எனக்கு அவற்றில் மனம் ஒட்டுவதில்லை. வறட்சிக்கு நடுவில் எடுத்த இந்த முதல் படத்தில் இருக்கும் உண்மை அவற்றில் இல்லை.

மூலத்தறையில் ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்கும் நம் தாலுகாக்காரர்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்ற கணக்கு இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

கொழிஞ்சாம்பாறைத் தோப்புக்காரர் மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சந்தைவழி ஐயா எழுதியதை அப்படியே தந்தையிடம் படித்துக் காட்டினேன். இரவில் மாட்டைச் சுற்றிப் பாடுகிற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அவருடைய சிறியதந்தையும் வாணியங்குளத்துக்கு மாடு ஓட்டியவராம். இத்தனை ஆண்டுகளில் அதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை.

இசை ஆசிரியை அம்மாவுக்கு: கவனித்தேன். குதிரை நடக்கும் பாட்டுக்கு நான்காகத் தட்டுகிறார். நெருப்பைச் சுற்றி அமர்ந்து பாடும் பாட்டுக்கு மூன்றாகத் தட்டுகிறார். தாளம் தவறவில்லை. யாரிடமும் பாட்டுக் கற்றவர் அல்லர்.

நூலக வாசகர் சொன்ன குறையை நான் மறுக்கவில்லை. ஜெஃப்ரீஸின் படம் ஒன்றை நேற்று முன்தினம் போட்டோம். பிரதி மங்கலாக இருந்தாலும் குரல் துல்லியமாகவே இருந்தது. "இவன் தொண்டை வேற தொண்டை" என்று தந்தை சொன்னார். அவர் இதுவரை ஆட்ரிக்குக் கூட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நேற்று இரவு, கிடைத்தவற்றில் நீளமான பிரதியாகத் தேடி எடுத்து, 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' படத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம். தேர்தல் காட்சிகளிலும் வாஷிங்டன் காட்சிகளிலும் நான் கதையை மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். புழுதிப் பாட்டு வந்தபோது மட்டும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, வேண்டாம் என்று கையசைத்தார். திரைக்குள் ஓடிய அந்தத் திரையில், வெடித்த நிலமும், பாதி புதைந்த வேலியும், எலும்பு தெரிய நின்ற மாடுகளும் வந்து போயின. அவருடைய விரல் தட்டவில்லை. பாட்டு முடிந்த பிறகும் சிறிது நேரம் அப்படியே அமர்ந்திருந்தார்.

அதன் பிறகு மின்சாரம் போய்விட்டது. எங்கள் பக்கம் இரவில் அது அடிக்கடி நடப்பதுதான். திரும்பி வருவதற்குள் அவர் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். காலையில் நான் எழுந்து வெளியே வந்தபோது, வாய்க்கால் மடையில் நின்று மண்ணை வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் கேட்டார்: "அந்த ஊருக்குத் தண்ணி வந்துச்சா?"

வந்தது என்று சொன்னேன். மீதியை இன்று இரவு பார்க்கப்போகிறோம்.